எந்த மேசையில் நிற்கிறது? நம் இணையம் போகும் வழியைத் தேடிப் பார்த்த கதை

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் பொருளாளர் பேசியதன் எழுத்து வடிவம்)

ஞாயிற்றுக்கிழமை காலையில், டிபன் முடித்த கையோடு இவ்வளவு பேர் கீழே இறங்கி வந்திருப்பதே பெரிய விஷயம். செயலாளர் என்னிடம், "சார், நெட் பிரச்சினைக்கு நீங்க ஏதோ கம்ப்யூட்டர்ல பார்த்தீங்களாமே, அதை எல்லாருக்கும் ஒரு பதினஞ்சு நிமிஷம் சொல்லிடுங்க" என்றார். பதினைந்து நிமிடத்தில் முடியாது. அரை மணி நேரம் எடுத்துக்கொள்கிறேன். அதற்குள் காபி வந்துவிடும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை. பி.காம். வங்கியில் முப்பத்துமூன்று வருடம் குமாஸ்தா. அதில் பாதி நாள் கிளியரிங் செக்‌ஷன். பிரமோஷன் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன். ஆகவே நான் சொல்வதில் டெக்னிக்கல் தவறு இருந்தால், ஐ.டி.யில் இருக்கும் பிள்ளைகள் பின்வரிசையில் நிறையப் பேர் இருக்கிறீர்கள், கையைத் தூக்கித் திருத்துங்கள்.

பிரச்சினை உங்களுக்குத் தெரிந்ததுதான். ஜூன் மாதத்திலிருந்து ஏ பிளாக்கில் மாலை நேரத்தில் இணையம் திடீர் திடீரென்று நின்றுபோகிறது. இரண்டு நிமிடம் இருக்காது, பிறகு தானாக வந்துவிடும். மூன்றாவது மாடியில் ஒரு தம்பிக்கு வேலைக்கான நேர்முகத் தேர்வு லேப்டாப்பில் நடந்துகொண்டிருந்தபோது ஏழு இருபதுக்கு அறுந்தது. அவர் திரும்ப இணைவதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள். முதல் மாடி மாமி டாக்டரிடம் வீடியோவில் ரிப்போர்ட்டைக் காட்டிக்கொண்டிருந்தபோது இரண்டு தடவை அறுந்தது. சின்ன விஷயம் என்று தள்ளிவிட முடியாது.

போன கூட்டத்தில் நாம் என்ன செய்தோம்? இரண்டு தீர்மானம் போட்டோம். ஒன்று, இணைய நிறுவனத்துக்கு நோட்டீஸ். இரண்டு, நம் எலெக்ட்ரீஷியன் ஜூன் மாதம் மொட்டை மாடியில் லைட் ஒயரை மாற்றிய வாரத்திலிருந்துதான் இது ஆரம்பித்தது என்பதால், கேபிளில் அவர்தான் ஏதோ கை வைத்திருக்கிறார் என்று சொல்லி, அவருடைய தீபாவளி போனஸில் 2,500 ரூபாய் பிடித்தம். கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். அந்தத் தம்பி கதவு ஓரமாக நின்றுகொண்டிருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. "நான் தொடலை சார்" என்று மட்டும் மாடிப்படியில் என்னிடம் சொன்னார்.

அன்று இரவு எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. வங்கியில் ஒரு டிராஃப்ட் காணாமல் போனால், யாரையும் கைகாட்டுவதற்கு முன்னால் அது எந்த மேசை வரை வந்தது என்று பார்ப்போம். தபால் பதிவேட்டில் இனிஷியல் இருக்கிறதா, லெட்ஜரில் ஏறியதா, ஆபீசர் கையெழுத்து இருக்கிறதா என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனால், எந்த இடத்தில் இனிஷியல் இல்லையோ அங்கே இழுப்பறையைத் திறந்தால் போதும். இணையத்துக்கு இந்த மாதிரி ஒரு பதிவேடு கிடையாதா என்று எதிர் வீட்டுக் கல்லூரி மாணவியிடம் கேட்டேன். "இருக்கு அங்கிள், உங்க விண்டோஸ் லேப்டாப்லயே இருக்கு, காசு கூட இல்லை" என்றாள்.

எப்படி என்று சொல்கிறேன், வீட்டுக்குப் போய்ச் செய்து பாருங்கள். விண்டோஸ் தேடல் கட்டத்தில் சி-எம்-டி என்று மூன்று எழுத்து அடித்தால் ஒரு கறுப்பு ஜன்னல் திறக்கும். அதில் டி-ஆர்-ஏ-சி-இ-ஆர்-டி என்று ஆங்கிலத்தில் ஏழு எழுத்து, ஒரு இடைவெளி, மைனஸ் டி, மறுபடி இடைவெளி, பிறகு ஏதாவது ஒரு இணையதளத்தின் பெயர். என்டர். அவ்வளவுதான். ஒவ்வொரு வரியாக வரும். ஒவ்வொரு வரியிலும் மூன்று நேரமும் ஒரு முகவரி எண்ணும் இருக்கும். அந்த மைனஸ் டி எதற்கென்றால், எண்ணுக்குப் பெயர் தேடிக்கொண்டு நேரத்தை வீணாக்காமல் இருக்க. மேக், லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்குப் பெயர் சற்று மாறும். டிரேஸ்ரூட் என்று முழுதாக அடிக்க வேண்டும், மைனஸ் டிக்குப் பதில் மைனஸ் என். அந்தக் கருவியை 1987-ல் வான் ஜேக்கப்சன் என்ற அமெரிக்கர் எழுதினார். அப்போது நான் கையால் லெட்ஜர் எழுதிக்கொண்டிருந்தேன்.

இது வேலை செய்யும் விதம் எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நாம் இணையத்தில் அனுப்பும் எதுவும் முழுசாகப் போவதில்லை. சின்னச் சின்னக் கவர்களாகப் பிரிந்து போகிறது. ஒவ்வொரு கவரும் ஒரு ரவுட்டரிலிருந்து அடுத்த ரவுட்டருக்குக் கைமாறி, கைமாறிப் போகும். வழி தவறிய கவர் முடிவே இல்லாமல் சுற்றிக்கொண்டிருக்கக் கூடாது என்பதற்காக ஒவ்வொன்றின் மேலும் ஒரு எண் எழுதியிருக்கும். அதிகபட்சம் 255. ஒவ்வொரு ரவுட்டரும் அதில் ஒன்றைக் கழித்துவிட்டுத்தான் அடுத்த இடத்துக்குத் தள்ளும். எந்த ரவுட்டரின் கையில் அது பூஜ்யமாகிறதோ, அது கவரைக் கிழித்துப் போட்டுவிட்டு, அனுப்பியவருக்கு ஒரு சீட்டு எழுதும்: உங்கள் கவர் என்னிடத்தில் காலாவதியாகிவிட்டது.

ஜேக்கப்சன் அந்தச் சீட்டைப் பிடித்துக்கொண்டார். வேண்டுமென்றே 1 என்று எழுதி ஒரு கவரை அனுப்பினால், முதல் ரவுட்டரே கிழித்துப் போட்டுச் சீட்டு அனுப்பும். அதன் முகவரி தெரிந்துவிட்டது. அடுத்து 2 என்று எழுதினால், இரண்டாவது ரவுட்டர் சீட்டு அனுப்பும். பிறகு 3, பிறகு 4. இப்படியே போய்ச் சேரும் இடம் வரை. வழியில் இருப்பவர்கள் ஒவ்வொருவரையும் அவர்கள் வாயாலேயே "நான் இங்கே இருக்கிறேன்" என்று சொல்ல வைத்துவிடுகிறார். ஒவ்வொரு எண்ணிலும் மூன்று கவர் போகும். அதனால்தான் வரிக்கு மூன்று நேரம். விண்டோஸில் முப்பது வரியோடு நிறுத்திக்கொள்ளும்.

முதல் வரி எப்போதும் நம் வீட்டு ரவுட்டர்தான். 192.168 என்று ஆரம்பிக்கும். இரண்டாவது வரி, நம் குடியிருப்பைப் பொறுத்தவரை, நிறுவனத்தின் ரவுட்டர். அது நம் வளாகத்துக்கு வெளியே, அவர்கள் அலுவலகத்தில் இருக்கிறது. அதற்கப்புறம் வெளியுலகம்.

இனி நான் செய்த தவறுகள். மூன்று.

முதலாவது, பழக்கதோஷம். நேரம் எல்லாம் வரிசையாக ஒரு பத்தியில் இருந்ததா, நான் கீழே கோடு போட்டுக் கூட்டிவிட்டேன். மொத்தம் 214 மில்லி செகண்ட். "இதோ தாமதம்!" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தப் பெண் சிரித்துவிட்டாள். ஒவ்வொரு வரியிலும் இருப்பது நம் வீட்டிலிருந்து அந்த ரவுட்டர் வரை போய்த் திரும்பிய முழு நேரம். பாஸ்புக்கில் ஒவ்வொரு வரியிலும் இருப்பு எழுதியிருப்பது மாதிரி. இருப்புகளைக் கூட்டினால் என்ன வரும்? அபத்தம்தான் வரும். கடைசி வரியை மட்டும் பார்த்தால் போதும்.

இரண்டாவது தவறு பெரிது, ஏனென்றால் வெளியாளிடம் சண்டை போட்டேன். நான்காவது வரியில் மூன்று நட்சத்திரம் வந்தது. நேரம் இல்லை, முகவரி இல்லை. இங்கேதான் உடைந்திருக்கிறது என்று முடிவு கட்டி, அதைப் படம் எடுத்துக்கொண்டு, நோட்டீஸ் விஷயமாக வந்திருந்த நிறுவனத்தின் என்ஜினியரிடம் கொஞ்சம் சத்தமாகவே பேசினேன். சின்னப் பையன், பொறுமையாக, "சார், அஞ்சாவது வரி, ஆறாவது வரி எல்லாம் வந்திருக்கே, நாலாவது உடைஞ்சிருந்தா அது எப்படி வரும்?" என்றான். எனக்குப் பதில் இல்லை. சில ரவுட்டர்கள் கவரைச் சரியாக அடுத்த இடத்துக்குத் தள்ளும், ஆனால் சீட்டு மட்டும் எழுதாது. அப்படி அமைத்து வைத்திருப்பார்கள். எங்கள் கிளையில் ஒருவர் இருந்தார். ஃபைல் அவர் மேசையில் ஒரு நாள் தங்காது. ஆனால் அதைப் பற்றி யார் கேட்டாலும் பதில் சொல்ல மாட்டார். அதே ரகம். நட்சத்திரம் வந்து, அதற்குப் பிந்தைய வரிகள் ஒழுங்காக இருந்தால் கவலையில்லை. ஒரு வரியிலிருந்து தொடங்கி, கீழே போகப் போக எல்லா வரியும் கெட்டிருந்தால்தான் அந்த இடத்தைச் சந்தேகப்பட வேண்டும்.

மூன்றாவது தவறு வரைபடத்தில். இந்த வரிகளை உலக வரைபடத்தின் மேல் கோடாகப் போட்டுக் காட்டும் மென்பொருள்கள் இருக்கின்றன. ஓப்பன் விஷுவல் டிரேஸ்ரூட் என்று ஒன்று இலவசம். அதைப் போட்டுப் பார்த்தேன். சென்னையிலேயே இருக்கும் ஒரு இணையதளத்துக்குப் போகும் கோடு, இங்கிருந்து கிளம்பி, அட்லாண்டிக்கைத் தாண்டி அமெரிக்காவைத் தொட்டுவிட்டுத் திரும்பி வருகிறது! பேரனைக் கூப்பிட்டுக் காட்டினேன். ரொம்பப் பெருமையாக இருந்தது.

அது பொய்க் கோடு. முகவரி எண்ணை வைத்து இடத்தைச் சொல்வது என்பது, யாரோ தொகுத்து வைத்திருக்கும் ஒரு பட்டியலைப் பார்த்துச் சொல்வது. அந்த எண்ணை வாங்கிய நிறுவனத்தின் தலைமை அலுவலகம் எங்கே பதிவாகியிருக்கிறதோ, பல சமயம் அந்த ஊர்தான் வரைபடத்தில் விழும். ரவுட்டர் அம்பத்தூரில் இருக்கலாம். வரைபடம் அமெரிக்கா என்னும். இந்தத் தவறால் உண்மையிலேயே கஷ்டப்பட்டவர்கள் உண்டு. அப்படி ஒரு பட்டியல் தயாரிக்கும் அமெரிக்க நிறுவனம், "அமெரிக்காவில்தான், ஆனால் ஊர் தெரியாது" என்ற எண்களுக்கெல்லாம் நாட்டின் நடுவில் ஒரு புள்ளியைக் குறித்து வைத்திருந்தது. அந்தப் புள்ளி கான்சாஸ் மாநிலத்தில் ஒரு பண்ணை வீட்டின் மேல் விழுந்தது. கோடிக்கணக்கான முகவரிகள் அந்த ஒரு வீட்டில்! இணையத்தில் யாராவது மோசடி செய்தால் ஏமாந்தவர்களும் போலீஸும் அந்தப் பண்ணைக்கு வந்து நின்றார்கள். வருடக்கணக்கில். 2016-ல் பத்திரிகையில் வெளிவந்த பிறகுதான் அந்தப் புள்ளியை ஒரு ஏரியின் நடுவில் கொண்டுபோய் வைத்தார்கள்.

அப்படியானால் எதை நம்புவது? நேரத்தை நம்பலாம். இதுதான் நான் கற்றுக்கொண்டதில் எனக்குப் பிடித்த கணக்கு. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் இரண்டு லட்சம் கிலோமீட்டர் போகும். அதாவது ஒரு மில்லி செகண்டில் 200 கிலோமீட்டர். போய்த் திரும்ப வேண்டும் என்பதால் பாதி: ஒரு மில்லி செகண்டுக்கு 100 கிலோமீட்டர். அந்தச் சென்னைத் தளத்துக்கு எனக்கு வந்த நேரம் 5 மில்லி செகண்ட். அப்படியானால் அது 500 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கவே முடியாது. அமெரிக்காவை எப்படித் தொட்டுவிட்டு வரும்? எந்த மென்பொருள் என்ன கோடு போட்டாலும் ஒளியின் வேகத்தை மீற முடியாது. அதிகத் தாமதம் என்றால் தூரம் என்று மட்டும் திருப்பிச் சொல்லிவிடாதீர்கள். நெரிசலாலும் நேரம் கூடும். குறைந்த நேரம் வந்தால் அருகில் இருக்கிறது என்பது மட்டும் உறுதி.

இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் விளையாடினேன், மனைவி கோபித்துக்கொள்ளும் அளவுக்கு. சிங்கப்பூரில் இருக்கும் ஒரு சர்வருக்கு 37 மில்லி செகண்ட் வந்தது. 2002-ல் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையில் வங்கக் கடலுக்கு அடியில் போட்ட கேபிள் ஒன்று சுமார் 3,200 கிலோமீட்டர். நம் கணக்குப்படி குறைந்தது 32 ஆக வேண்டும். மீதி ஐந்து வழியில் உள்ள ரவுட்டர்களுக்கு. கணக்கு டேலி! நம் கடற்கரையில் வந்து ஏறும் கேபிள் அது ஒன்று மட்டும் இல்லை. சிங்கப்பூரிலிருந்து பிரான்ஸின் மார்சேய் வரை போகும் சீ-மீ-வீ 4 சென்னையைத் தொட்டுவிட்டுப் போகிறது. 2020 ஆகஸ்டில் அந்தமானுக்கு 2,300 கிலோமீட்டர் கேபிள் போட்டார்கள். அதுவரை அந்தத் தீவுகள் செயற்கைக்கோளை நம்பியிருந்தன. மெரினாவில் சுண்டல் சாப்பிட்டுக்கொண்டு கடலைப் பார்க்கும்போது இதெல்லாம் நினைவுக்கு வருவதே இல்லை. 2008 ஜனவரி கடைசியில் எகிப்தின் அலெக்சாண்ட்ரியா அருகே இரண்டு கேபிள் அறுந்தபோது இந்தியா முழுக்க இணையம் திணறியது சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். அறுந்ததில் ஒன்று இதே சீ-மீ-வீ 4.

இன்னொன்று, கிளியரிங் செக்‌ஷன்காரனாகச் சொல்லியே ஆக வேண்டும். எங்கள் காலத்தில் மயிலாப்பூர் கிளையின் செக்கை தி.நகர் கிளையில் போட்டால், இரண்டு வங்கி ஆட்களும் கிளியரிங் ஹவுஸில் சந்தித்து மாற்றிக்கொள்வோம். அந்த ஏற்பாடு இல்லாவிட்டால் ஒவ்வொரு வங்கியும் ஒவ்வொரு வங்கியைத் தேடிப் போக வேண்டும். இணையத்தில் இந்தியாவுக்கு இருபது வருடத்துக்கு முன்புவரை அப்படியொரு பொதுவான சந்திப்பு இடம் இல்லை. ஒரே ஊரில் இரண்டு நிறுவனங்களின் வாடிக்கையாளர்கள் ஒருவருக்கொருவர் அனுப்பும் மின்னஞ்சல் கூட வெளிநாடு போய்த் திரும்பியதுண்டு. 2003-ல் நிக்ஸி என்ற லாப நோக்கமில்லாத அமைப்பைத் தொடங்கி, சென்னை உட்படப் பெரிய ஊர்களில் எல்லா நிறுவனங்களும் மாற்றிக்கொள்ளும் மையங்களை வைத்தார்கள். அந்த 5 மில்லி செகண்டுக்கு இந்த மாதிரி ஏற்பாடுகள்தான் காரணம். சரி, கதைக்கு வருகிறேன், செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.

ஒரு வீட்டில் பார்த்தால் ஒரு வழிதான் தெரியும். ஆகவே ஏ பிளாக்கில் ஏழு வீடு, பி பிளாக்கில் நான்கு வீடு, மொத்தம் பதினொரு வீட்டில், கோடை விடுமுறை முடிந்தும் சும்மா இருந்த பிள்ளைகளைப் பிடித்து, ஒரே தளத்துக்கு டிரேசர்ட் போட்டு வரிகளை எழுதிக்கொண்டு வரச் சொன்னேன். எதிர் வீட்டுப் பெண் அதையெல்லாம் கிராப்விஸ் என்ற இலவச மென்பொருளில் போட்டாள். "இதிலிருந்து இது" என்று வரி வரியாக எழுதிக் கொடுத்தால் அதுவே கட்டமும் அம்பும் போட்டுப் படம் வரைந்துவிடும். இதோ சுவரில் ஒட்டியிருக்கும் சார்ட் அதுதான். கலர் மட்டும் பிள்ளைகள் அடித்தது. கீழே பதினொரு கட்டம், நம் வீடுகள். எல்லாம் மேலே ஒரே கட்டத்தில் போய்ச் சேர்கின்றன. அது நிறுவனத்தின் ரவுட்டர். அதற்கு மேல் ஒற்றைக் கோடு.

படம் அழகாக இருந்தது, ஆனால் பிரச்சினை எங்கே என்று அது சொல்லவில்லை. டிரேசர்ட் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போய்விடும்; நமக்கோ இரண்டு நிமிடம் மட்டும் வந்து போகும் வியாதி. டாக்டரிடம் போகும்போது மட்டும் காய்ச்சல் இல்லாமல் இருக்குமே, அப்படி. அதற்குத் தொடர்ந்து பார்க்கும் கருவி வேண்டும். வின்-எம்டிஆர் என்று ஒன்று. எம்டிஆர் என்றதும் ரவா இட்லி மாவு ஞாபகம் வந்தால் தவறில்லை, எனக்கும் வந்தது. அது நொடிக்கு ஒரு முறை எல்லா ரவுட்டருக்கும் கவர் அனுப்பி, எத்தனை திரும்பவில்லை என்று சதவீதம் போட்டுக்கொண்டே இருக்கும். மாலை ஆறு முதல் ஒன்பது வரை ஓட விட்டேன். முதல் வரி, என் வீட்டு ரவுட்டர்: இழப்பு 0. இரண்டாவது வரி: 3 சதவீதம். அதற்குக் கீழே எல்லா வரியிலும் அதே 3. மூன்று சதவீதம் பார்க்கச் சின்னது. ஆனால் மூன்று மணி நேரத்தில் அது ஐந்தரை நிமிடம். சிதறி விழுந்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள். மொத்தமாக இரண்டு இரண்டு நிமிடமாக விழுந்தால் ஒரு பையனுக்கு வேலை போய்விடும்.

அதே நேரத்தில் பி பிளாக்கில் ஓட விட்ட லேப்டாப்பில் அதே இரண்டாவது வரி, அதே நிறுவன ரவுட்டர், இழப்பு 0. ஆக நிறுவனத்தின் ரவுட்டர் நன்றாக இருக்கிறது. என் வீட்டு ரவுட்டரும் நன்றாக இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில், ஏ பிளாக்குக்கு மட்டும் சொந்தமான ஏதோ ஒன்று. பட்டியலில் அது இல்லை. படத்திலும் இல்லை.

நம் மொட்டை மாடிப் படிக்கட்டு அறையில் ஒரு இரும்புப் பெட்டி இருக்கிறதே, பல வீட்டுக் கேபிள்களும் வந்து சேருமிடம்? அதற்குள் இருப்பது ஸ்விட்ச். ரவுட்டர் இல்லை. அது கவர் மேல் உள்ள எண்ணைக் கழிப்பதே இல்லை. ஆகவே அது பூஜ்யமாவதும் இல்லை, சீட்டு எழுதுவதும் இல்லை. டிரேசர்ட்டின் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. பதிவேட்டில் இனிஷியல் போடாத, ஆனால் எல்லாக் கவரையும் தொடுகிற ஒருத்தர்! படத்தில் அந்த இடத்தில் பென்சிலால் நான்தான் ஒரு கட்டம் போட்டேன். பி பிளாக்குக்கு அவர்கள் மாடியில் தனிப் பெட்டி.

பெட்டி என்று தெரிந்தாயிற்று. ஏன் என்று தெரிய வேண்டும். ஐந்து நாள் மாலை, பிங் கட்டளையை மைனஸ் டி போட்டு இரண்டாவது வரி முகவரிக்கு ஓட விட்டு, கைக்கடிகாரமும் நோட்டுமாக உட்கார்ந்தேன். பதில் நின்ற நேரம், வந்த நேரம். முதல் நாள் 6.12, 7.24, 8.41. இரண்டாம் நாள் 6.20, 7.31. இப்படி. எந்த ஒழுங்கும் தெரியவில்லை.

ஆறாம் நாள் காலை வாட்ச்மேனிடம் பேசிக்கொண்டிருந்தபோது, அவர் மேசை மேல் மோட்டார் நோட்டு இருந்தது. கரண்ட் பில் அதிகமாகிறது என்று நாம்தானே போன வருடம் அவரை எழுதச் சொன்னோம், தண்ணீர் மோட்டார் போட்ட நேரம், நிறுத்திய நேரம்? சும்மா புரட்டினேன். 6.10, 7.25, 8.40. என் நோட்டை எடுத்து வரச் சொல்லி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு எண்ட்ரியாக டிக் போட்டேன். அவர் கடிகாரம் ஓரிரு நிமிடம் முன்னே பின்னே. மற்றபடி ஐந்து நாளில் பதின்மூன்று எண்ட்ரி, பதின்மூன்றும் டேலி. வங்கியை விட்ட பிறகு அந்தச் சந்தோஷம் எனக்குக் கிடைத்தது அன்றுதான்.

மோட்டார் கிளம்பும் அந்த நொடியில் வோல்டேஜ் சரிகிறது. நம் வீட்டு லைட் ஒரு தடவை மினுக்கும், அவ்வளவுதான். ஆனால் மாடிப் பெட்டி அணைந்துவிடுகிறது. மறுபடி விழித்துத் தயாராகச் சுமார் இரண்டு நிமிடம். அதற்காகத்தான் அந்தப் பெட்டியோடு ஒரு சின்ன யூபிஎஸ் இருக்கிறது. எலெக்ட்ரீஷியன் தம்பியைக் கூப்பிட்டுக்கொண்டு மாடிக்குப் போனேன். யூபிஎஸ் இருந்தது. அதன் பேட்டரி செத்துப்போய்ப் பல நாள் ஆகியிருந்தது. ஒப்பந்தப்படி பெட்டிதான் நிறுவனத்துடையது. மின்சாரமும் பேட்டரியும் சங்கத்தின் பொறுப்பு.

"இதை ஏன் தம்பி சொல்லவில்லை?" என்று கேட்டேன்.

அவர் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். பிறகு, "எழுதிக் குடுத்தேன் சார்" என்றார்.

அலுவலக அறைக்கு வந்து ஃபைலை எடுத்தேன். ஏப்ரல் மாதத் தேதி. வெள்ளைத் தாளில் நான்கு வரி. "ஏ பிளாக் மாடி நெட் பெட்டி யூபிஎஸ் பேட்டரி வீக். மாற்ற வேண்டும். 1,150 ரூபாய்." அதன் ஓரத்தில் பச்சை மையில், "அவசரமில்லை. அடுத்த பட்ஜெட்டில் பார்க்கலாம்." கீழே பொருளாளர் கையெழுத்து. கையெழுத்து என்னுடையது. எனக்கு அந்தத் தாள் ஞாபகமே இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பேட்டரி வாங்கிப் போட்டாயிற்று. என் சொந்தப் பணம், சங்கக் கணக்கில் ஏற்றவில்லை. அதற்குப் பிறகு பத்து நாள் அதே ஆறு முதல் ஒன்பது வின்-எம்டிஆர் ஓட விட்டுப் பார்த்தேன். மோட்டார் போடும்போது நானே கீழே நின்று பார்த்தேன். இரண்டாவது வரி இழப்பு 0.

இதனால் நிறுவனத்தின் மேல் குறையே இல்லை என்று ஆகிவிடாது. சனி, ஞாயிறு இரவு ஒன்பதரைக்கு மேல் மூன்றாவது வரியிலிருந்து கடைசி வரை நேரம் 5-லிருந்து 60, 70-க்கு ஏறுகிறது. இரண்டு பிளாக்கிலும் ஒரே மாதிரி. அது அவர்கள் பக்கத்து நெரிசல் போலத்தான் தெரிகிறது. போகும் வழி மட்டும்தான் இந்தக் கருவிக்குத் தெரியும், கவர் திரும்பும் வழி வேறாக இருக்கலாம் என்று அந்த என்ஜினியர் பையன் சொன்னான். அதையும் மனதில் வைத்து, நான்கு வாரக் கணக்கை எடுத்து அவர்களுக்கு எழுதலாம். இந்தத் தடவை சத்தம் போடாமல். வார இறுதியில் லேப்டாப்பை ஒரு மணி நேரம் ஓட விட முடிந்தவர்கள் கூட்டம் முடிந்ததும் எதிர் வீட்டுப் பெண்ணிடம் பெயர் கொடுங்கள். பதினொரு வீடு போதாது, சி பிளாக்கிலிருந்து ஒருவர்கூட வரவில்லை.

இப்போது இன்றைய நிகழ்ச்சி நிரலில் மூன்றாவது பொருள். போன கூட்டத்தில் எலெக்ட்ரீஷியனின் போனஸில் 2,500 ரூபாய் பிடிப்பதாக நிறைவேற்றிய தீர்மானத்தை முழுமையாகத் திரும்பப் பெற வேண்டும் என்றும், அவர் ஏப்ரலிலேயே எழுத்து மூலம் எச்சரித்திருந்தார் என்பதையும் அதைப் பொருளாளர் தள்ளிவைத்தார் என்பதையும் மினிட்ஸில் பதிய வேண்டும் என்றும் நான் முன்மொழிகிறேன். தம்பி, கதவுப் பக்கம் நிற்க வேண்டாம், உள்ளே வந்து உட்காருங்கள். வழிமொழிபவர்கள் கை தூக்கலாம்.